மாத்திரையோடு மாட்டிக்கொள்வது எப்படி?

வாழ்த்துகள். விசா வந்துவிட்டது. டிக்கெட் போட்டாகிவிட்டது. முறுக்கு அச்சு, மஞ்சள்பொடி, மகளுக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் பெட்டிக்குள் ஏறிவிட்டன. பாக்கி இருப்பது மருந்து மட்டும்தான். அதைச் சரியாகக் கட்டத் தெரியாமல் பலபேர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதற்காகவே இந்தப் பயிற்சி.

அமிர்தியிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜவ்வாது மலை அடிவாரம். வனவிலங்குப் பூங்காவைத் தாண்டி வந்து பேருந்து பிடித்தால் கணியம்பாடி வழியாக வேலூர் 25 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை விமான நிலையம். அப்புறம் துபாயோ, சிங்கப்பூரோ, நியூஜெர்சியோ. சென்னை வரைக்கும் உங்கள் மாத்திரை என்ன, யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை நாளைக்கு என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. கேட்கிற ஆள் போய் இறங்கும் ஊரில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் வியாதி என்ன பாடுபடுத்துகிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. காகிதத்தில்தான் அக்கறை. ஆகவே நம் வேலை சுலபம். காகிதம் எதுவும் கையில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதில் முக்கால்வாசியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்வோம்.

படி 1: மாத்திரையை அட்டையிலிருந்து விடுவியுங்கள்

அட்டை இடத்தை அடைக்கும். ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி எடுத்து, காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுங்கள். வெள்ளையில் உருண்டை பிரஷருக்கு, வெள்ளையில் நீளம் சர்க்கரைக்கு, வெள்ளையில் பாதியாக உடைத்தது ராத்திரிக்கு. உங்களுக்கு அடையாளம் தெரிந்தால் போதாதா? அதிகாரிக்குத் தெரிய வேண்டுமானால் அவரே ஆய்வகத்துக்கு அனுப்பித் தெரிந்துகொள்ளட்டும். முடிவு வரும்வரை உங்களுக்கு உட்கார இடம் கொடுப்பார்கள்.

இல்லை, அட்டையோடுதான் கொண்டுபோவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு நம் மருந்துக்கடைகள் கைகொடுக்கும். பத்து மாத்திரை இருக்கும் அட்டையில் நான்கு மட்டும் கேளுங்கள். கடைக்காரத் தம்பி கத்திரிக்கோலை எடுப்பார். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அந்த ஓரத்தைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, ஓர் எழுத்துகூட முழுசாக இல்லாத வெள்ளித் துண்டை உங்களிடம் நீட்டுவார். பிறகு அதைச் சின்னக் காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் 1-0-1 என்று எழுதுவார். உறையில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்தின் பெயர் என்று அச்சடித்த மூன்று கோடுகளும் காலியாகவே இருக்கும். கவலை வேண்டாம். என்ன விழுங்குகிறோம் என்று தெரியாவிட்டாலும் எப்போது விழுங்குகிறோம் என்பது தெளிவாக இருக்கிறதே.

சில அட்டைகளில் நெட்டுக்கு ஒரு சிவப்புக் கோடு ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. விற்றவரே அதை அலங்காரம் என்று நினைத்துத்தான் விற்றார். வாங்கியவர் வேறு மாதிரி நினைப்பது மரியாதை இல்லை.

படி 2: சீட்டை வீட்டிலேயே விடுங்கள்

ரேஷன் கார்டை லேமினேட் செய்திருக்கிறீர்கள். மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை லேமினேட் செய்திருக்கிறீர்கள். டாக்டர் சீட்டை நான்காக மடித்து, காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறீர்கள். அது அங்கேயே இருக்கட்டும்.

எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப்போவதானால் மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டாகப் பாருங்கள். எறும்பு மைக்குள் விழுந்து எழுந்து நடந்த மாதிரி எழுத்து இருந்தால் இன்னும் விசேஷம். மருந்தின் மூலப்பெயரை எல்லோருக்கும் புரியும்படி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. அதை உங்கள் டாக்டரிடம் நினைவுபடுத்தித் தொல்லை கொடுக்காதீர்கள். பாவம், வெளியே இன்னும் நாற்பது டோக்கன் காத்திருக்கிறது.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்து முழங்கால் நீளத்துக்கு இருக்கும். சீட்டில் 'முனியம்மா, 58' என்று மட்டும் இருக்கும். இன்ஷியல் கிடையாது, ஊர் கிடையாது. இப்படியே விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை அதிகாரியிடம் தமிழில் விளக்கிக்கொள்ளலாம்.

படி 3: மாத்திரைக்குச் செல்லப்பெயர் வையுங்கள்

மூலப்பெயரைத் தெரிந்துகொள்ளவே கூடாது. பயிற்சியின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் வீடுகளில் இருப்பவை சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, கேஸ் மாத்திரை, நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை, சத்து மாத்திரை. இந்த ஆறில் முதல் மூன்றும் பெரும்பாலும் தொந்தரவு தராதவை. பின் மூன்றில்தான் விளையாட்டு இருக்கிறது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. அவர்களில் கால் எரிகிறது, பாதத்தில் ஊசி குத்துகிறது என்று போகிறவர்களுக்கு அடிக்கடி எழுதிக்கொடுக்கப்படும் மருந்து பிரிகாபலின். பல கம்பெனிகள் அதைப் பி12 வைட்டமினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கின்றன. வாங்கும்போது கேளுங்கள், "நரம்புக்குச் சத்தும்மா" என்பார்கள். அந்தப் பதிலோடு திருப்தி அடையுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் பிரிகாபலின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, முன்அனுமதி வாங்கித்தான் கொண்டுபோக வேண்டும். பிரிட்டனில்கூட 2019 ஏப்ரலில் அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். உங்களைப் பொறுத்தவரை அது சத்து மாத்திரை. துபாய் விமான நிலையத்தில் யாராவது கேட்டால் தயங்காமல் "வைட்டமின்" என்று சொல்லுங்கள். பொய் சொன்னதாகவும் ஆகிவிடும், கொண்டுவந்ததாகவும் ஆகிவிடும்.

ராத்திரி பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறீர்களே, அந்த வெள்ளை மாத்திரை அனேகமாக அல்பிராசோலம். எப்போதோ ஒரு சாவு வீட்டுக்குப் பிறகு தூக்கம் வரவில்லை என்று ஒரு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தது. வாரம் வருடங்களாகிவிட்டது. இதற்கும் டயசிபாமுக்கும் அமீரகத்திலும் அனுமதி வேண்டும், சிங்கப்பூரிலும் அனுமதி வேண்டும். தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? தூக்கம்தான் கெடும்.

முட்டிவலிக்கு வரும் சில மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு டிரமடால் சேர்ந்திருக்கும். இந்தியாவிலேயே டிரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். நம் சட்டத்தையே நாம் படிப்பதில்லை, அடுத்த நாட்டுச் சட்டத்தை ஏன் படிக்க வேண்டும்? 2017-ல் ஒரு பிரிட்டிஷ் பெண் எகிப்தில் விடுமுறைக்குப் போனார். அங்கிருந்த துணைவருக்கு முதுகுவலி என்று 290 டிரமடால் மாத்திரை எடுத்துப்போனார். அது அங்கே தடைசெய்யப்பட்டது என்று தெரியாது என்றார். மூன்று வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள், 2019 ஜனவரியில்தான் வெளியே வந்தார். "தெரியாது" என்ற சொல்லுக்கு உலகச் சந்தையில் இருக்கும் மதிப்பு அவ்வளவு. நீங்களும் அதையே சொல்லத் தயாராக இருங்கள்.

இருமல் சிரப்பில் கோடீன் இருக்கிறதா என்று பாட்டிலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு: சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையை அந்த நாடு உள்ளேயே விடாது. ஆகவே குளிர் தாங்காது என்று அம்மா வாங்கிக்கொடுத்த சளி மாத்திரையை, என்ன ஏது என்று பார்க்காமல், வாங்கியபடியே எடுத்துப் போங்கள்.

படி 4: சர்க்கார் மாத்திரையைக் கைவிடுங்கள்

2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறது. அந்த அட்டைகளில் ஒரு பெரிய குறை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலப்பெயரிலேயே கொள்முதல் செய்வதால், மெட்ஃபார்மின் என்றால் மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்றால் அம்லோடிபின் என்று கொட்டை எழுத்தில் போட்டுத் தொலைக்கிறார்கள். உலகத்தில் எந்த அதிகாரி கையில் கொடுத்தாலும் படித்துவிடுவார். வேலையைக் கெடுக்க இது ஒன்று போதும்.

வெளிநாடு போகும்போது சர்க்கார் மாத்திரையா? சம்பந்தியம்மா பார்த்தால் என்ன நினைப்பார்? அதே மருந்தைத் தனியார் கடையில், இந்தியாவைத் தாண்டி யாரும் கேள்விப்படாத பிராண்டுப் பெயரில் வாங்குங்கள். வாங்கி, படி 1-க்குத் திரும்பிப் போய் அட்டையைக் கிழியுங்கள்.

படி 5: பேரப்பிள்ளைக்காக மலையையே கட்டுங்கள்

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பெட்டியின் பாதி இதற்குத்தான். ஆங்கில மருந்துக்காவது ஒரு பெயர் உண்டு. நம் மருந்துக்குப் பொட்டலம் மட்டும்தான்.

முதலில் உரைமருந்து. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. தாய்ப்பால் விட்டுக் கல்லில் உரைத்து நாக்கில் தடவ வேண்டியவை. வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்கா 1968-லேயே தடை போட்டுவிட்டது. சவூதி அரேபியாவில் தனி ஜாதிக்காயைக் கொண்டுவர விடமாட்டார்கள். இதையெல்லாம் மகளிடம் சொல்லாதீர்கள், பயந்துவிடுவாள். வசம்பைக் கோத்து வளையலாகக் குழந்தை கையில் போடப்போகிறேன் என்று அதிகாரிக்குச் செய்து காட்டுங்கள்.

அடுத்தது கசகசா. இதை மருந்தென்று யார் சொன்னது என்று கேட்கிறீர்களா? ராத்திரியெல்லாம் அழும் பிள்ளைக்கு இதை அரைத்துப் பாலில் கொடுத்த பாட்டிகளைக் கேளுங்கள், குருமா அப்புறம் வந்தது. அபின் எடுக்கும் அதே செடியின் விதைதான் இது. நம் மளிகைக்கடையில் சட்டப்படி கிடைக்கும். அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் தடை. விதை அளவில் கடுகைவிடப் பொடிசு, விலை அதிகம். ஆகவே பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு, நூல் கட்டி, புடவை மடிப்புக்கு நடுவில் வையுங்கள். ஒளித்துவைத்த மாதிரியே தெரியும். மசாலாப் பொடியில் சேர்த்து அரைத்துவிட்டால் தெரியாது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல்படிப்பு மாணவர்கள்.

பிரசவ லேகியம். கறுப்பு, பிசுபிசுப்பு, வேறு ஏதோ கம்பெனியின் பெயர் ஒட்டிய பழைய பாட்டில். லேபிளில் காபித்தூள் என்று இருக்கும், உள்ளே லேகியம் இருக்கும். அதிகாரி முதலில் லேபிளைப் படிப்பார், பிறகு மூடியைத் திறப்பார், பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த வரிசை மாறவே மாறாது.

செந்தூரம், பற்பம் இருந்தால் தவறாமல் எடுத்துவையுங்கள். லிங்கச் செந்தூரத்தில் இருப்பது பாதரசம். அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்கும் 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிப் பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. எல்லாச் சித்த மருந்தும் அப்படி என்று அர்த்தமில்லை. எது அப்படி என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றுதான் அர்த்தம். வைத்தியரின் பெயரோ, உரிம எண்ணோ, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலோ இல்லாத பொட்டலத்தையே தேர்ந்தெடுங்கள். "சைடு எஃபெக்ட் கிடையாது" என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, அமிர்திக் காட்டில் கிடைக்கும் வேர், பட்டை. இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் பிடுங்குவதே குற்றம் என்பதால், வெளிநாடு வரை காத்திருக்காமல் வனத்துறை சோதனைச் சாவடியிலேயே பயணத்தை முடித்துக்கொள்ளலாம். டிக்கெட் பணம் மட்டும்தான் நஷ்டம்.

படி 6: இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடுங்கள்

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. உறைந்துபோனால் உருகிய பிறகும் பயன்படாது, பார்வைக்குப் பழைய மாதிரியே தெரிந்தாலும் தெரியலாம். விமானத்தின் அடியில் சாமான் ஏற்றும் பகுதியில் குளிர் எவ்வளவு இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அங்கேதான் போட வேண்டும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் இன்னும் நல்லது.

கைப்பையில் வைத்துக்கொண்டால் என்ன என்று யாராவது கேட்டால், 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்று அடித்துச் சொல்லுங்கள். 2006-ல் வந்த அந்த விதியில் மருந்துக்கு விலக்கு உண்டு என்பதைச் சொல்லாதீர்கள். ஊசிகளுக்கு டாக்டர் கடிதம் வேண்டாம். பத்து ஊசியோடு ஒரு ஆள் வந்து நின்றால் சர்க்கரை நோயாளி என்று பார்த்தாலே தெரியாதா?

படி 7: கணக்குப் பார்க்காதீர்கள்

ஜப்பான் டாக்டர் எழுதிய மருந்தை ஒரு மாதத்துக்குத்தான் அனுமதி இல்லாமல் விடும். சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் மூன்று மாதம். அமெரிக்கா பொதுவாக 90 நாள். நீங்கள் ஆறு மாதம் தங்கப்போகிறீர்கள், தபாலில் அனுப்பினால் செலவு, அங்கே டாக்டரைப் பார்த்தால் சொத்து போய்விடும். ஒரு வருடத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்கினால் கடையில் பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. அந்தத் தள்ளுபடி பில்லையும் பெட்டியில் வைக்காதீர்கள். வைத்தால் அதுவே ஒரு ஆதாரமாகிப் புண்ணியம் தேடிக்கொள்ளும்.

படி 8: ஊரார் மருந்தை உங்கள் மருந்தாக நினையுங்கள்

நீங்கள் துபாய் போகும் செய்தி அமிர்தியில் பரவ ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். "அண்ணே, நம்ம பையன் ஷார்ஜாவிலதான் இருக்கான், இத மட்டும் கொடுத்துடுங்க. இடுப்பு வலி மாத்திரைதான்." வாங்கிக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்க்காதீர்கள், சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவார்கள். செலோ டேப் சுற்றியிருந்தால் இன்னும் மரியாதையாகக் கையாளுங்கள்.

2019-ல் மும்பையிலிருந்து ஒரு தம்பதி கத்தார் போனார்கள். தேனிலவுக்கு என்று பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொடுத்ததே ஓர் உறவுக்காரர்தான். கூடவே ஒரு பொட்டலமும் கொடுத்தார். தோஹா விமான நிலையத்தில் பிரித்தபோது நான்கு கிலோ ஹஷீஷ். பத்து வருடத் தண்டனை. குழந்தை சிறையில் பிறந்தது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பதை நிரூபித்து வெளியே வர 2021 ஆகிவிட்டது. அது போதைப்பொருள், நமது வெறும் மாத்திரை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறப்பவர் முதலில் கேட்பது இரண்டுக்கும் ஒரே கேள்விதான்: இந்தப் பெட்டியைக் கட்டியது யார்?

நேரில் கொண்டுபோகக் கூச்சமாக இருந்தால் பார்சல் அனுப்புங்கள். 2015 ஜூனில் டொயோட்டா நிறுவனத்தின் மக்கள்தொடர்புத் தலைமை அதிகாரி ஜூலி ஹாம்ப் டோக்கியோவில் கைதானார். அமெரிக்காவிலிருந்து அவருக்குத் தபாலில் வந்த பார்சலில் 57 ஆக்ஸிகோடோன் மாத்திரை, வெளியே நகை என்று எழுதியிருந்தது. முழங்கால் வலிக்கு என்றார். வழக்கு இல்லாமல் விட்டுவிட்டார்கள், ஆனால் அதற்குள் பல நாள் காவலில் இருந்து, வேலையையும் விட்டிருந்தார். உலகத்தின் பெரிய கார் கம்பெனியின் உச்சாணியில் இருந்தவருக்கே அவ்வளவுதான். நீங்கள் அடுத்த வீட்டு அண்ணன்.

இவர்களைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள்

வேலூருக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை. 1900-ல் ஐடா ஸ்கட்டர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், ஹோட்டல், மருந்துக்கடைப் பலகைகள் எல்லாம் வங்காள மொழியில் இருக்கும். சிகிச்சை முடிந்து பெட்ராபோல், பேனாபோல் எல்லை வழியாக வீடு திரும்புகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே டிஸ்சார்ஜ் சம்மரி, சீட்டு, கடை பில், அதற்குக் கீழே முழு முழு அட்டைகள். ரப்பர் பேண்டு போட்டு, எந்த அட்டை எந்தச் சீட்டுக்கு என்று வரிசை. கத்திரி பட்ட அட்டையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து வேறு கேட்பார்கள்.

மொழி தெரியாத ஊரில் வந்து, மாதக்கணக்கில் லாட்ஜில் கிடந்து, மருந்தோடு எல்லை தாண்டிப் பழகியவர்கள். நோயாளி என்றால் காகிதம் என்பது அவர்களுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. நம் பயிற்சியில் இவர்களைச் சேர்க்க முடியாது. வேலூரில் பிறந்து வளர்ந்த நாம் அந்தத் தெருவில் தினமும் நடந்தும் இதை ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதே நம் சாமர்த்தியம்.

படி 9: கவுன்ட்டரில் பேச்சு கொடுங்கள்

இறங்கியாகிவிட்டது. ஒரு பக்கம் சிவப்பு வழி: ஏதாவது தெரிவிக்க வேண்டியவர்கள் போவது. இன்னொரு பக்கம் பச்சை வழி: எதுவும் இல்லாதவர்கள் போவது. நீங்கள் பச்சையில் போங்கள். சிவப்பில் போய் "என்னிடம் இந்த மருந்து இருக்கிறது, இதோ சீட்டு" என்று நீட்டுபவனைச் சும்மா விட்டுவிடுகிற வாய்ப்பு அதிகம். பச்சையில் போய் மாட்டுபவனுக்குத்தான் முழு அனுபவமும் கிடைக்கும்.

கேள்வி வந்தால் பதில்களை இந்த வரிசையில் சொல்லுங்கள். முதலில், "வைட்டமின்." அடுத்து, "தெரியாது, மாப்பிள்ளை வாங்கிக்கொடுத்தார்." மூன்றாவதாக, குரலை உயர்த்தி, "எங்க ஊர்ல இது சும்மாவே கிடைக்கும்." கடைசியாக, "இது என்னுடையதே இல்லை." நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் அவர் உங்களை மேலதிகாரியிடம் அழைத்துப்போவார். மகளுக்கு ஃபோன் போட வேண்டும் என்று கேளுங்கள். மகள் விமான நிலைய வாசலில் பூச்செண்டோடு நிற்கிறாள், ஒன்பதாவது மாதம்.

படி 10: அனுமதி என்ற பேச்சே எடுக்காதீர்கள்

இந்த விதிகள் ஒன்றும் ரகசியம் அல்ல. எந்த நாட்டுக்கு என்ன மருந்து, எவ்வளவு, என்ன காகிதம் என்று வியன்னாவில் இருக்கும் சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் நாடு நாடாகத் தொகுத்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அமீரக அரசு இணையத்திலேயே விண்ணப்பம் வாங்கிக்கொள்கிறது. சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் வாங்கிக்கொள்கிறது. ஜப்பானில் சுகாதார அமைச்சகம் மருந்து இறக்குமதிச் சான்று என்று ஒன்றைக் கொடுக்கிறது. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: பாஸ்போர்ட் நகல், மருந்தின் மூலப்பெயரும் அளவும் எழுதிய சீட்டு, இன்ன வியாதிக்கு இன்ன மருந்து என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். கடிதத்தை உங்கள் டாக்டரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எழுதித் தந்துவிடுவார். ஊரில் யாரும் கேட்பதில்லை, அதனால்தான் அவரும் தருவதில்லை.

விண்ணப்பத்தைப் பார்த்து முடிக்க அவர்களுக்குப் பல வேலைநாள் ஆகும். ஆகவே அவசரப்படாமல், விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் ராத்திரி ஆரம்பியுங்கள்.